பானை ஓட்டில் ஒரு பெயர்

எகிப்து என்றதும் பிரமிடுகளும் அரசர்களின் பொன்னும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நாட்டின் செங்கடல் கரையில் மண்ணைத் தோண்டியவர்களுக்கு எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அது நம் தமிழ்.

குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகளில் 'கண்ணன்', 'சாத்தன்' என்ற பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் கீறப்பட்டிருந்தன. மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று இருந்தது. உறியில் தொங்கவிடும் பானை என்று ஐராவதம் மகாதேவன் அதற்கு விளக்கம் தந்தார். தெற்கே பெரனிகே துறைமுகத்தில், கோவில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் 7 கிலோவுக்கும் அதிகமான மிளகு கிடைத்தது.

நமக்கு அருகிலும் இதே கதைதான். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ள கீழடியில், தென்னந்தோப்பின் அடியிலிருந்து செங்கல் கட்டடங்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. 'ஆதன்' என்ற பெயர் கீறிய ஓடுகளும் கிடைத்தன.

அரசர்களின் பெயரைக் கல்லில் பொறிக்க ஆட்கள் இருந்தார்கள். இவர்களுடைய பெயர்களோ அன்றாடம் புழங்கிய பானையில் இருந்தன. அந்தப் பெயர்களையும் மண் காத்து வைத்திருக்கிறது.

இன்றும் நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறார்கள். அங்கே அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க யாராவது இருக்கவேண்டும் என்று நாம் ஏங்குகிறோம். அப்படியானால், நம் தெருவைக் கூட்டுபவரின் பெயர் நமக்குத் தெரியுமா? வீட்டுக்குத் தண்ணீர் கேன் சுமந்து வருபவரின் பெயர்? இந்த வாரம் கேட்டு அறிவோம். பெயர் சொல்லி அழைப்போம்.