தக்ளியில் தொடங்கிய பாடம்

பள்ளியில் எதைக் கற்பிக்க வேண்டும் என்ற கேள்விக்குத் திண்டுக்கல் சமவெளியில் ஒரு விடை முளைத்தது. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதிலிருந்து வளர்த்தெடுத்தது. சின்னாளபட்டி அருகே 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் அவ்வழியில் நடந்தது.

நூல் நூற்கும் சிறு கைக்கதிரான தக்ளி ஒன்றே போதும். நூற்ற இழையை அளந்தால் கணக்கு; பஞ்சு விளையும் கரிசலைப் பேசினால் புவியியல்; அந்நியத் துணியின் கதை வரலாறு. இழை அறுந்தால் குழந்தை விரலைப் பார்க்கிறது: முறுக்கு குறைந்ததா, பஞ்சு சீராக வரவில்லையா? அப்போது விடையைச் சொல்லிவிடாமல் பொறுத்திருப்பதே ஆசிரியருக்கு மிகக் கடினமான வேலை. அந்தப் பொறுமையில் மகிழ்ச்சி காண்பவருக்கே இப்பணி உரியது.

இப்பணிக்கு வரப் பட்டம் மட்டும் வழியல்ல. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் படித்தவர். சௌந்தரமோ மருத்துவம் பயின்று கல்விப் பணிக்கு வந்தவர், பின்னாளில் மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். ஆனாலும் பொதுப் பள்ளிகளில் கைத்தொழில் வகுப்பு ஓரங்கட்டப்பட்டது பெரிய இழப்பு. காந்திகிராமத்திலோ 1956இல் தொடங்கிய கிராமிய நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.