தூரத்துக் கணினிகள் – 7: பெயர் சொன்னால் போதும்

சென்ற வாரம் சாவி ஜோடியைத் தயார் செய்து, ரகசியச் சாவியை நம் கணினியிலும் பகிரங்கச் சாவியைத் தூரத்துச் சர்வரிலும் வைத்தோம். ஆயினும் சர்வர் ஒன்று ஐந்தாறாகப் பெருகும்போது, 203.0.113.25 போன்ற எண்முகவரியும், வழக்கமான 22ஆம் போர்ட்டை விட்டு 2222க்கு மாற்றிவைத்த விவரமும், பயனர் பெயரும், எந்த வாசலுக்கு எந்தச் சாவி என்ற ஞாபகமும் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் நீண்டதொரு கட்டளையைப் பிழையறத் தட்டச்சு செய்யும் சிரமத்தில் நம்மைக் கொண்டுவிடுகின்றன.

1995இல், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைக் களவாடிய சம்பவத்துக்குப் பின், அங்கிருந்த டாட்டு யூலோனென், நாம் தூரத்துச் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.ஹெச். முறையை இயற்றினார், எஃப்.டி.பி.யின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று நம்மில் பெரும்பாலோர் பிரயோகிப்பது, 1999இல் ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் வெளியிட்ட ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். அதிலேயே நம் சிரமத்துக்குப் பரிகாரமும் இருக்கிறது.

ஹோம் டைரக்டரியில், புள்ளியில் தொடங்கும் எஸ்.எஸ்.ஹெச். ஃபோல்டருக்குள், 'கான்ஃபிக்' என்ற பெயரில் சாதாரண எழுத்துக் கோப்பொன்றைத் திறந்து, முதல் வரியில் 'ஹோஸ்ட்' என்று எழுதி, அதன் பக்கத்தில் நாம் விரும்பும் செல்லப்பெயரை, 'கடை' என்ற பொருளில் 'ஷாப்' என்று வைத்துக்கொள்வோமே, இடுகிறோம். அடுத்த நான்கு வரிகளில் 'ஹோஸ்ட்நேம்' என்று முகவரியையும், 'யூசர்' என்று பயனரையும், 'போர்ட்' என்று 2222ஐயும், 'ஐடென்டிட்டி ஃபைல்' என்று சாவி இருக்கும் இடத்தையும் குறிக்கிறோம். அவ்வளவே நாமகரணம். இனி, 'எஸ்.எஸ்.ஹெச். ஷாப்' என்று தட்டினால் வாசல் திறக்கிறது, எஸ்.சி.பி., ஆர்-சிங்க், கிட் ஆகியவையும் எஸ்.எஸ்.ஹெச். வழியாகவே செல்வதால், அதே பெயரை அவற்றிடமும் சொல்லலாம்.

இக்கோப்பில் பிரதானமாக அறிய வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு விஷயத்துக்கு முதலில் கண்ணில் படும் மதிப்பே நிலைக்கும். பின்னால் வருவது எவ்வளவு பொருத்தமானதாக இருந்தாலும் தள்ளுபடியாகும். இதை அறியாத காலத்தில், எல்லாச் சர்வருக்கும் பொதுவென்று நட்சத்திரக் குறியிட்ட பகுதியைக் கோப்பின் தலையில் வைத்து, அதில் என் பெயரையே பயனராக எழுதியிருந்தேன். கீழே குறிப்பிட்ட சர்வருக்கென்று வேறு பயனரை எழுதியும், சர்வர் என்னை உள்ளே விட மறுத்தது. நிரபராதியான சாவியின் மேல் சந்தேகப்பட்டு, அதை இரண்டு முறை புதிதாகச் செய்த பிறகே குற்றம் வரிசையில் என்று விளங்கிற்று. ஆகவே குறிப்பானவை முன்னே, பொதுவானவை பின்னே. எதிர்முனை 60 விநாடி மௌனமாக இருந்தால் குரல் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் 'சர்வர் அலைவ் இன்டர்வெல்' போன்ற பொது ஏற்பாடுகளுக்குக் கடைசிப் பகுதியே தகுந்த ஸ்தானம்.

நேரே எட்ட முடியாமல், இடையிலுள்ள ஒரு சர்வரின் வழியாகவே புக வேண்டிய இடங்களுக்கு, 2016 முதல் 'ப்ராக்ஸி ஜம்ப்' என்ற ஒற்றை வரி போதும். இடைச் சர்வரின் செல்லப்பெயரை அதில் எழுதிவிட்டால், இரண்டு தாவல்களும் ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

கோப்பை உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் கூடியதாக, அதாவது 600 என்ற அனுமதியுடன் வையுங்கள்; பிறர் எழுதத்தக்கதாக இருந்தால் ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். வேலை செய்ய மறுத்துவிடும். ஐயம் எழுந்தால், கட்டளையோடு ஒரு சிறுகோடும் பெரிய எழுத்து 'ஜி'யும் சேர்த்துச் செல்லப்பெயரைக் கொடுங்கள். இணையாமலேயே, எந்தெந்த மதிப்புகள் நிலைத்தன என்று அது வரிசையாகக் காட்டிவிடும். சாவியைப் பழிப்பதற்கு முன் அந்த வரிசையை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

(தொடரும்)