சென்னையில் பருவகால ஒவ்வாமை

பருவகால ஒவ்வாமை என்பது ஆண்டின் சில குறிப்பிட்ட காலங்களில் காற்றில் மிகும் மகரந்தம், பூஞ்சை வித்து, வீட்டுத் தூசி முதலியவற்றுக்கு உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவதால் உண்டாகும் நிலை ஆகும். இது பெரும்பாலும் மூக்கையும் கண்களையும் தாக்கும். மருத்துவத்தில் இது ஒவ்வாமை மூக்கழற்சி எனப்படுகிறது. இது தொற்றுநோய் அன்று; ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

குளிர்நாடுகளில் இந்நோய் இளவேனிற்கால மகரந்தத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. சென்னையில் நிலைமை வேறு. கடற்கரை நகரமாகிய இங்கு ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்திருப்பதால், வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிகளும் பூஞ்சைகளும் முதன்மைக் காரணிகளாக உள்ளன. மழைக்காலமும் மார்கழி, தை மாதங்களும் பலருக்குத் தொல்லை மிகும் காலங்களாகும். இக்காலத் தும்மலும் மூக்கொழுகலும் "சளி" என்று கருதப்படுவதால், நோயாளிகள் பலர் தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொள்கின்றனர். ஒவ்வாமைக்கு உரிய சிகிச்சையோ தள்ளிப்போகிறது.

வரலாறு

1819ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர் ஜான் பாஸ்டாக், கோடைதோறும் தமக்கு ஏற்பட்ட கண் எரிச்சலையும் தும்மலையும் விவரித்து எழுதினார். இந்நோய்க்கு மகரந்தமே காரணம் என்பதைச் சார்லஸ் பிளாக்லி தம்மீதே சோதனைகள் செய்து 1873இல் வெளியிட்டார். "அலர்ஜி" என்னும் சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. ஒவ்வாமைக்குக் காரணமான இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பிறபொருளெதிரி 1960களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. முதல் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தை 1937இல் கண்டறிந்த டேனியல் போவே 1957ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

உண்டாகும் விதம்

ஒவ்வாமை இயல்புள்ள ஒருவரின் உடலில் தூசி உண்ணியின் புரதம் போன்ற ஓர் ஒவ்வாப்பொருள் முதன்முறை நுழையும்போது வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றாது. ஆனால் அப்பொருளுக்கு எதிரான இம்யூனோகுளோபுலின் ஈ உருவாகி, மூக்கின் உட்சவ்வில் உள்ள மாஸ்ட் உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதே பொருள் மீண்டும் நுழையும்போது அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைச் சில நிமிடங்களுக்குள் வெளியிடுகின்றன. தும்மல், அரிப்பு, நீர் வடிதல் ஆகியவை இதன் விளைவுகளே. சில மணி நேரம் கழித்து வேறு அழற்சி உயிரணுக்கள் அவ்விடத்தில் வந்து சேர்வதால் மூக்கடைப்பு நீடிக்கிறது.

முதற்கட்டத்தை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் நன்கு தணிக்கும். பிற்கட்ட அழற்சியைத் தணிப்பதில் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான்களே சிறந்தவை. மாத்திரையால் தும்மல் நின்ற பின்னரும் மூக்கடைப்பு நீங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

சென்னையின் பருவங்களும் காரணிகளும்

* வடகிழக்குப் பருவமழைக் காலம் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை): சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இம்மூன்று மாதங்களில் பெய்கிறது. ஓதம் ஏறிய சுவர்களிலும் உலராத துணிகளிலும் பூஞ்சை வளர்கிறது. தண்ணீரில் நனைந்த மெத்தை, மரப்பலகை முதலியவற்றில் ஓரிரு நாள்களுக்குள்ளேயே பூஞ்சை தோன்றக்கூடும். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏற்பட்டதைப் போன்ற வெள்ளங்களுக்குப் பின் இது பெருஞ்சிக்கலாகிறது.
* மார்கழி, தை: மழைக்காலத்தில் மெத்தையிலும் பரணிலும் பெருகிய உண்ணிகளின் கழிவு, பொங்கலுக்காக வீடு தூசி தட்டி வெள்ளையடிக்கப்படும்போது காற்றில் கலக்கிறது. அதே நாள்களில் இரவுக் குளிர் காரணமாகப் புகை தரைக்கு அருகிலேயே தங்கிவிடுகிறது. போகியன்று பழைய பொருள்கள் எரிக்கப்படுவது இதனை மேலும் மிகுவிக்கும். 2018ஆம் ஆண்டு போகிப் புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது.
* கோடை: வேலிக்காத்தான் எனப்படும் சீமைக்கருவேல மரத்தின் மகரந்தம் ஒவ்வாமை தரவல்லது. காற்றின் வழியே மகரந்தம் பரவும் சவுக்கு, புல்வகைகள் ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை. காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியம் தோல் ஒவ்வாமைக்கும் மூக்கு ஒவ்வாமைக்கும் காரணமாகிறது.

கண்ணைக் கவரும் பூக்களைப் பொதுவாகக் குற்றம் சாட்டுவது சரியன்று. பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை நடைபெறும் பூக்களின் மகரந்தம் கனமானது, ஒட்டுந்தன்மை உடையது. ஆகவே அது காற்றில் வெகுதூரம் செல்வதில்லை. மல்லிகையின் கடுமணத்தால் ஒருவருக்குத் தும்மல் வந்தால், அது பெரும்பாலும் மணத்தால் ஏற்படும் உறுத்தலே ஆகும்.

புகையும் இவ்வாறே ஓர் உறுத்துபொருள், ஒவ்வாப்பொருள் அன்று. எனினும் ஏற்கனவே அழற்சியுற்ற மூக்கையும் மூச்சுக்குழாயையும் அது மேலும் தூண்டும். தியாகராய நகரின் உஸ்மான் சாலை போன்ற நெரிசல் மிக்க தெருக்களின் வாகனப் புகையும் கட்டுமானத் தூசியும், வீட்டினுள் ஏற்றப்படும் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் இவ்வகையின.

அறிகுறிகள்

அடுக்குத் தும்மல், தெளிந்த நீர்போன்ற மூக்கொழுகல், மூக்கடைப்பு, மூக்கிலும் கண்ணிலும் மேலண்ணத்திலும் அரிப்பு, கண் சிவத்தல் ஆகியவை முதன்மை அறிகுறிகள். சாதாரணச் சளியிலிருந்து இதனைப் பின்வருவனவற்றால் வேறுபடுத்தலாம்:

* ஒவ்வாமையில் காய்ச்சல் இராது. உடல்வலியும் பொதுவாக இராது.
* சளியில் அரிப்பு அரிது; ஒவ்வாமையில் அது முதன்மையானது.
* சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களில் நீங்கும்; ஒவ்வாமை வாரக்கணக்கில் நீடிக்கும்.
* ஒவ்வாமை ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே காலத்தில், அல்லது அதே இடத்திலும் அதே வேலையின்போதும் திரும்ப வரும்.

மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப்பாதையின் இரு பகுதிகள் ஆகும். ஆஸ்துமா உள்ளவர்களுள் பெரும்பாலோருக்கு மூக்கழற்சியும் இருக்கிறது. மூக்கழற்சியைக் கவனியாது விட்டால் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். இந்நோயைத் "வெறும் தும்மல்" என ஒதுக்கலாகாது என்பதற்கு இதுவே தலையாய காரணம்.

கண்டறிதல்

நோய் வரலாறே முதன்மையானது. எந்த மாதத்தில், எந்த அறையில், எந்த வேலைக்குப் பின் தொல்லை தொடங்குகிறது என்பதை நாள்குறிப்பில் எழுதிவருவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். தோல் குத்துச் சோதனையில் ஒவ்வாப்பொருள்களின் சாறு முன்கையில் துளித்துளியாக இடப்பட்டு, மேல்தோல் மெல்லக் குத்தப்படுகிறது. 15 முதல் 20 நிமிடங்களில் தோன்றும் தடிப்பு அளக்கப்படும். சோதனைக்குச் சில நாள்கள் முன்னரே ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளை மருத்துவர் கூறியவாறு நிறுத்த வேண்டும். இல்லையேல் முடிவு தவறாகும். குருதியில் இம்யூனோகுளோபுலின் ஈ அளவையும் அறியலாம். சோதனை முடிவு அறிகுறிகளோடு பொருந்தினால் மட்டுமே அது பொருளுடையது.

தவிர்ப்பு முறைகள்

வீட்டுத் தூசி உண்ணி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமே உடையது. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களை உண்டு வாழ்கிறது. எனவே அதன் முதன்மை இருப்பிடம் படுக்கையே ஆகும். தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் அளவு வெந்நீரில் துவைத்தல், மெத்தையைக் கடும் வெயிலில் உலர்த்துதல், பெருக்குவதற்கு மாறாக ஈரத்துணியால் துடைத்தல், சுவர்க் கசிவை மழைக்கு முன்னரே அடைத்தல் ஆகியவை பயன் தரும். பொங்கல் துப்புரவை ஒவ்வாமை உள்ளவர் செய்யாதிருப்பது நன்று. செய்தே ஆகவேண்டுமெனில் முகக்கவசம் அணிய வேண்டும்.

மருந்துகள்

ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள்: குளோர்பெனிரமின் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் புகுவதால் தூக்கத்தைத் தருகின்றன. இருசக்கர வண்டி ஓட்டுவோருக்கும் தேர்வு எழுதும் மாணவர்க்கும் இவை ஏற்றவையல்ல. இவை வாயையும் தொண்டையையும் உலரச் செய்வதால், மார்கழி இசைவிழாவில் பாடுவோருக்கும் இடையூறாகும். செட்டிரிசின், லோரட்டடின், பெக்சோபெனடின் ஆகிய இரண்டாம் தலைமுறை மருந்துகளில் தூக்கம் குறைவு. எனினும் செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். பெக்சோபெனடினைப் பழச்சாறுடன் உட்கொண்டால் அது உடலில் சேரும் அளவு குறையும். நீருடனேயே உட்கொள்ள வேண்டும். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் ஆகியவற்றை நெடுங்காலம் எடுத்துத் திடீரென நிறுத்தினால் அரிதாகக் கடும் அரிப்பு ஏற்படலாம் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரித்தது.

ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான்கள்: புளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு ஆகியவை, தொடரும் அறிகுறிகளுக்கு மிகுந்த பயன் தருபவை. முழுப் பயன் கிட்ட ஓரிரு வாரங்கள் ஆகலாம். ஆகவே தொல்லை வரும் காலத்தை அறிந்தவர்கள், மருத்துவர் அறிவுரைப்படி அதற்கு முன்னரே தொடங்குவது வழக்கம். வலக்கையால் இடமூக்கிலும் இடக்கையால் வலமூக்கிலும், நடுச்சுவரைத் தவிர்த்து வெளிப்புறம் நோக்கித் தெளிக்க வேண்டும். இல்லையேல் மூக்கில் குருதி கசியலாம். இவற்றில் மருந்தின் அளவு மிகக் குறைவு. ஸ்டீராய்டு மாத்திரைகளையும் ஊசிகளையும் இவற்றோடு ஒன்றாகக் கருதலாகாது. அவற்றைத் தாமாக வாங்கி அடிக்கடி பயன்படுத்துவோருக்கு நீரிழிவு, எலும்புத் தேய்வு முதலியவை நேரிடலாம்.

மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகள்: சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் ஆகியவை சில நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால், மருந்தின் வேகம் தீர்ந்ததும் மூக்கு முன்னிலும் மிகுதியாக அடைத்துக்கொள்ளும்; நோயாளி மீண்டும் மீண்டும் சொட்டு மருந்தையே நாட நேரிடும்.

கூட்டு மருந்துகள்: குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்று மருந்துச் சீட்டில் அச்சிடுமாறு, 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. லெவோசெட்டிரிசினுடன் சேர்த்து இந்தியாவில் பரவலாக விற்கப்படும் மான்டெலுகாஸ்ட், சிலருக்கு மனநிலை மாற்றங்களை உண்டாக்கலாம் என்பதால், அமெரிக்காவில் 2020 மார்ச் மாதம் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கை விதிக்கப்பட்டது.

ஒவ்வாப்பொருள் தடுப்பாற்றல் சிகிச்சை: 1911இல் லண்டனில் லியோனார்டு நூன் தொடங்கிவைத்த முறை இது. ஒவ்வாப்பொருளைச் சிறுசிறு அளவில் கூட்டித் தந்து உடலைப் பழக்குவர். இதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஊசி போட்டபின் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். அரிதாகக் கடும் எதிர்வினை நேரக்கூடும்.

இயற்கை முறைகளும் நாட்டு மருத்துவமும்

நெடுநாள் மூக்கு நோய்கள் சித்த மருத்துவத்தில் பீனிசம் என்னும் பெயரில் பேசப்படுகின்றன. சித்த மருத்துவத்திற்கெனத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கிவருகிறது. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் உள்ள டப்பா செட்டி கடை, நாட்டு மருந்துச் சரக்குகளுக்குப் பெயர்பெற்றது. வீடுகளில் வழங்கும் முறைகளின் பயன் வருமாறு:

* உப்புநீரால் மூக்கைக் கழுவுதல்: யோகத்தில் ஜலநேத்தி எனப்படும் இம்முறை, இப்பட்டியலில் ஓரளவு சான்றுடையது, ஒவ்வாப்பொருளையும் கோழையையும் கழுவி நீக்குகிறது. ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு போதும். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். குழாய்நீர், லாரி நீர், கேன் நீர் ஆகியவற்றை அப்படியே பயன்படுத்தலாகாது. அவ்வாறு செய்தால் மூளையைத் தாக்கும் அமீபா நுழையும் இடர் உண்டு. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இவ்வாறு உயிரிழப்புகள் நேர்ந்தன.
* ஆவி பிடித்தல்: நொச்சி, துளசி, கற்பூரவல்லி இலைகளை இட்டு ஆவி பிடிப்பது அடைப்புக்குச் சற்று நேரம் இதம் தரும், ஒவ்வாமையை மாற்றாது. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகளுக்குத் தீப்புண் ஏற்படுவதுண்டு.
* தைலங்கள்: 1893இல் மும்பையில் காசிநாதுனி நாகேசுவர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம் பின்னர் மயிலாப்பூருக்கு வந்தது. இத்தகைய தைலங்களில் உள்ள மென்தால், மூக்கின் குளிருணர் நரம்புகளைத் தூண்டி மூச்சு எளிதாவதுபோன்ற உணர்வைத் தருகிறது. அடைப்பு உண்மையில் குறைவதில்லை.
* சுக்கு, மிளகு, திப்பிலி, மஞ்சள், தூதுவளை: கஷாயமாகவும் ரசமாகவும் பாலில் கலந்தும் உட்கொள்ளப்படும் இவை தொண்டைக்கு இதமளிக்கின்றன. இவை மட்டுமே ஒவ்வாமையைக் கட்டுப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.
* ஆடாதோடை: இதில் உள்ள வாசிசின் என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. அதன் பயன் கோழையை இளக்குவதே, ஒவ்வாமையைத் தடுப்பதன்று.
* தேன்: உள்ளூர்த் தேன் மகரந்த ஒவ்வாமையைப் போக்கும் என்பது உறுதிப்படவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தரலாகாது.
* மஞ்சள் புகை: விரலி மஞ்சளைச் சுட்டு அதன் புகையை முகரும் வழக்கம் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு எப்புகையும் மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். ஆகையால் இதனைத் தவிர்க்க வேண்டும்.

நாட்டு மருந்து உட்கொள்வோர் அதனைத் தம் மருத்துவரிடம் தெரிவிப்பதும், ஆஸ்துமாவுக்கான உறிஞ்சுமருந்தைத் தாமாக நிறுத்தாமலிருப்பதும் இன்றியமையாதவை.

மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்

இளைப்பு, இரவு இருமல், ஒரு பக்க மூக்கில் மட்டும் நீடிக்கும் அடைப்பு அல்லது குருதிக்கசிவு, காய்ச்சலுடன் கூடிய முகவலி, குறட்டையால் குழந்தையின் தூக்கம் கெடுதல் ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். கருவுற்ற பெண்கள் எம்மருந்தையும் மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது. பேச இயலாத அளவு மூச்சுத்திணறலோ, உதடும் நாவும் வீங்குதலோ ஏற்பட்டால் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஒவ்வாமை
* ஆஸ்துமா
* ஹிஸ்டமின்
* சித்த மருத்துவம்
* வடகிழக்குப் பருவமழை
* போகிப் பண்டிகை