எளிய காலணியா? உள்ளே தொட்டுப் பாருங்கள்

கோடு இல்லை, பெரிய சின்னம் இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். தேக்காவின் முஸ்தஃபா சென்டரிலும் விளையாட்டுக் காலணிகளுக்குப் பெயர்பெற்ற குவீன்ஸ்வே கடைத்தொகுதியிலும் இத்தகைய ‘எளிய’ காலணிகளைப் பார்க்கலாம். காலணியிலிருந்து எதையெல்லாம் குறைக்கலாம்? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கூடைப்பந்துக் காலணியின் கதை பதில் தருகிறது.

கான்வர்ஸ் நிறுவனத்தின் ‘ஆல் ஸ்டார்’ காலணி 1917ல் வந்தது. கேன்வாஸ் துணி, ரப்பர் அடிப்பாகம், கணுக்காலில் வட்டச் சின்னம். கூடைப்பந்து வீரரும் அந்நிறுவனத்தின் விற்பனையாளருமான சக் டெய்லரின் பெயர் 1930களில் அச்சின்னத்தில் இடம்பெற்றது. 2003ல் நைக்கி நிறுவனம் கான்வர்சை வாங்கியது.

ஏறத்தாழ நூறாண்டு பெரிதாக மாறாத அந்தக் காலணி, 2015 ஜூலையில் ‘சக் 2’ என்ற பெயரில் புது வடிவம் பெற்றது. ரப்பர் ஓரத்தில் இருந்த வண்ணக் கோடு நீங்கியது. கயிறு கோக்கும் துளைகளின் பளபளக்கும் உலோக வளையங்கள் துணியின் நிறத்துக்கே மாறின. வெளியே குறைத்தவர்கள் உள்ளே கூட்டினார்கள். பாதத்துக்கு நைக்கியின் மென்நுரை, பக்கவாட்டில் நழுவாத நாக்கு, கழுத்துப் பகுதியில் மெத்தென்ற திணிப்பு ஆகியவை சேர்ந்தன.

பாதத்துக்கு அது வசதியான காலணிதான். ஆனாலும் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் ‘சக் 2’ சந்தையிலிருந்து மறைந்தது. பழைய வடிவம் இன்றும் விற்கிறது. வடிவமைப்பாளர்கள் அலங்காரம் என்று நீக்கிய கோட்டைத்தான் ரசிகர்கள் காலணியின் முகமாகப் பார்த்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

பிள்ளைகளுக்குக் காலணி வாங்கும் பெற்றோருக்கு இதில் பாடம் உண்டு. வெளித்தோற்றம் எளிமையாக இருப்பதால் விலை குறையும் என்றோ பாதத்துக்கு நல்லது என்றோ சொல்லிவிட முடியாது. உள்ளே கைவிட்டுக் குதிகால் பகுதியை அழுத்திப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது காலுறையுடன் அணிந்து அளவு பார்ப்பது நல்லது. வீட்டு வாசலிலும் கோயிலிலும் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், எளிதில் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள்.

அடுக்குமாடிக்குக் கீழே சிமெண்டுத் திடலில் கூடைப்பந்து விளையாடும் பிள்ளைக்கு, தட்டையான கேன்வாஸ் காலணி போதாது. குதித்து இறங்கும்போது அதிர்வைத் தாங்கும் அடிப்பாகம் வேண்டும். கோடும் சின்னமும் ரசனையைப் பொறுத்தவை. வெள்ளியைக் கொடுக்குமுன் பார்க்கவேண்டியது அடிப்பாகத்தை.