சாய்ந்தால் எந்தப் பக்கம் திரும்பும்?

வலது பக்கம் திரும்ப வேண்டிய சைக்கிள்காரர் முதலில் ஹேண்டில்பாரை இடது பக்கம் துளி திருப்புகிறார். கேட்டால், அப்படிச் செய்யவே இல்லை என்று சத்தியம் பண்ணுவார். ஆளில்லாத சாலையில் நேராகப் போகும்போது வலது கைப்பிடியை மட்டும் லேசாக முன்னால் தள்ளிப் பாருங்கள். முன்சக்கரம் இடது பக்கம் நழுவும், உடல் வலது பக்கம் சாயும், சாய்ந்த வண்டி வலது பக்கமே வளையும். சைக்கிள் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் இது தெரியும். மூளைக்கு அல்ல, கைக்கு.

கயாக் என்கிற ஒல்லித் துடுப்புப் படகிலோ கதை தலைகீழ். வலது பக்கம் சாய்த்தால் அது இடது பக்கம் திரும்பும். காலையில் சைக்கிள், மதியம் கயாக் என்று ஒரே நாளில் இரண்டையும் ஓட்டுகிற கணவன் மனைவிக்குள் சண்டை வர இது போதும். எங்களுக்கு வந்தது கோபன்ஹேகனில்.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் துறைமுகம் என்று சொல்லப்படுவது உண்மையில் ஷீலாந்து, அமாகர் என்ற இரு தீவுகளுக்கு நடுவே போகும் ஒடுக்கமான நீர்ப்பாதை. பெரிய சரக்குக் கப்பல்கள் எப்போதோ ஊருக்கு வெளியே போய்விட்டன. நகரின் நடுவே மிச்சமிருக்கும் தண்ணீரைச் சுற்றுலாப் படகுகளும் கயாக்குகளும் நீச்சல்காரர்களும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். குறுக்கே சைக்கிளுக்கும் நடைக்கும் மட்டுமென்றே கட்டிய பாலங்கள் உண்டு.

வாடகை சைக்கிளில் முதலில் தடுமாற வைப்பது பிரேக். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் வண்டி நிற்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் சும்மா பின்னால் சுழற்றினால் நடுவழியில் நின்றுபோகும். நிறுத்தப் போகிறோம் என்றால் உள்ளங்கை முன்னால் தெரியக் கையை உயர்த்த வேண்டும். இதை மறந்தால் பின்னால் வருகிறவர் மணியடிப்பார், அவ்வளவு அன்பாக அல்ல. நோரப்ரோ சாலையில் சிக்னல்களை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒத்திசைத்திருக்கிறார்கள். காலையில் நகருக்குள் போகிறவர்கள் அந்த வேகத்தைப் பிடித்தால் அடுத்தடுத்து பச்சைதான். மாலையில் இதே வசதி வெளியே போகிற திசைக்கு.

அந்த 20 நல்ல எண். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அந்த வேகத்தில் ஏறக்குறைய 80, 90 வாட் திறன் போதும். அதில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். அதற்குச் செலவிடும் திறனோ மும்மடியாக. எனவே 20ஐ 25 ஆக்க நினைத்தால் காற்றுக்கான செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். வேர்க்காமல் ஆபீசுக்குப் போய்ச் சேர 20க்கு மேல் ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

சைக்கிள் ஏன் விழுவதில்லை என்பதற்குப் பம்பரம் மாதிரி சுழலும் சக்கரத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், முன்சக்கரத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அந்த விளைவை ரத்துசெய்து பார்த்தார். அப்போதும் அவரால் ஓட்ட முடிந்தது. 2011இல் அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கரம் தானாக நேராகிக்கொள்ளும் அமைப்பும் இல்லாமல் ஒரு வண்டியைச் செய்து ஆளில்லாமல் உருட்டிவிட்டார்கள். அது தானே சமாளித்து ஓடியது. முக்கியமானது ஒன்றுதான்: வண்டி சாயும் பக்கத்துக்கே முன்சக்கரம் திரும்ப வேண்டும். சக்கரங்கள் ஓடிவந்து சாய்கிற எடைக்கு அடியில் நின்றுகொள்ளும். அதற்கு வண்டி நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

2016இல் திறந்த உள்துறைமுகப் பாலத்தில் இந்த வித்தையைச் சோதித்துப் பார்க்கலாம். கப்பல் வந்தால் நடுப்பகுதிகள் இரு பக்கமும் வழுக்கி உள்ளே போய்விடும். அந்த ஏற்பாட்டுக்காக சைக்கிள் பாதையை நடுவில் கோணலாக மடித்துவிட்டார்கள். சரிவில் வேகமெடுத்து வருகிறவர் திடீரென்று வளைய வேண்டும். பாலத்தின் பொறியியலைப் பாராட்டலாம். அந்த மடிப்பைப் பாராட்ட எனக்கு மனசில்லை.

பாலம் இறங்கினால் கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன். கரையோரத்தில் ஆசியக் கம்பெனியின் பழைய கிடங்கு நிற்கிறது. இப்போது அது வெளியுறவு அமைச்சகத்தின் வசம். 1732இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் கப்பல்கள் நம் தரங்கம்பாடிக்கு வந்து போனவை. 1620 முதல் 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கும் வரை அந்த ஊர் டேனியர் கையில் இருந்தது. பக்கத்திலேயே கிரீன்லாந்து வணிகத்துக்கான கிடங்கும் இருக்கிறது. கயாக்கும் கிரீன்லாந்துக்காரர்களின் படகுதான். வேட்டைக்குப் போகிறவரின் உடல் அளவுக்கேற்பச் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்தார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது பிளாஸ்டிக்கில் வார்த்த இருவர் படகு, சுக்கான் இல்லாதது. முன்னால் நான், பின்னால் என் வீட்டுக்காரர். முன்னால் இருப்பவர் தாளம் வைக்க வேண்டும், பின்னால் இருப்பவர் திசை பார்க்க வேண்டும். இது ஆண் பெண் விவகாரமில்லை, இயற்பியல். படகு முன்னேறும்போது முகப்பை எதிரே வரும் தண்ணீர் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. வால் பக்கம் தளர்ந்து இருக்கிறது. அதனால் பின்னால் போடும் துடுப்புக்கே படகு அதிகம் திரும்பும்.

“என்னங்க, வலது பக்கம் போகணும்.”

“வலது பக்கம்தானே சாயறேன்!”

“அதனாலதான் இடது பக்கம் போகுது!”

சாய்ந்த படகின் வடிவம் தண்ணீருக்குள் ஒருபோல் இருப்பதில்லை. அமிழ்ந்த பக்கம் வயிறு தள்ளி வளைந்திருக்கும். எழும்பிய பக்கம் நேராகிவிடும். முன்னேறும் வேகத்தில் வளைந்த பக்கத்து முகப்பில் நீரழுத்தம் கூடி முகப்பை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அகலமான வாடகைப் படகில் இந்த விளைவு மெலிதுதான். ஆனால் காலையெல்லாம் சைக்கிள் ஓட்டிய உடம்பு போக வேண்டிய பக்கமே சாய்ந்துகொண்டிருந்தால், மெலிதானதும் சேர்ந்துவிடுகிறது.

ஸ்லாட்ஸ்ஹோல்மன் தீவைச் சுற்றும் கால்வாயில், ஹைப்ரோ பாலத்தருகே, தண்ணீருக்கு அடியில் சிலைகள் இருக்கின்றன. பழங்கதையில் மனைவி ஆக்னெட்டே விட்டுப்போன கடல்மனிதனும் ஏழு மகன்களும், 1992இல் வைத்தவை. கயாக்கில் போனால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரிந்தது வானம்தான். செங்குத்தாகப் பார்த்தால் நீர்ப்பரப்பு 2 சதவீத ஒளியையே திருப்பி அனுப்பும். பத்து டிகிரிக்குத் தாழ்ந்த பார்வையில் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். கயாக்கில் கண் தண்ணீரிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்கூட இல்லை. நேர் மேலே வந்து எட்டிப்பார்த்தபோதுதான் பச்சைத் தண்ணீருக்குள் பாசி படிந்த ஒரு தோளும், மேல்நோக்கி நீட்டிய கைகளும் தெரிந்தன. நான் எட்டிப்பார்த்த நொடியில் பின்னால் இருந்தவர் இடுப்பை எதிர்ப்பக்கம் அழுத்தினார். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சைக்கிளைப் போல கயாக் ஓடி நிமிர்வதில்லை. சாய்ந்த பக்கம் அமிழும் வயிறுதான் மேலே தள்ளி நிமிர்த்துகிறது. உட்கார்ந்திருப்பவரின் எடை அந்த உந்தலைத் தாண்டி வெளியே போகாத வரை பயமில்லை.

அகலமான நடுத்துறைக்கு வந்ததும் வேகமெடுக்க ஆசை வந்தது. காற்றைவிடத் தண்ணீர் 800 மடங்கு அடர்த்தியானது. சைக்கிளில் 20 கிலோமீட்டர் தந்த அதே உழைப்பு இங்கே ஏழு எட்டுக்குத்தான் வருகிறது. அதற்கு மேல் போனால் உராய்வைவிடப் பெரிய தொல்லை ஒன்று காத்திருக்கிறது. படகு தன் முகப்பில் ஓர் அலையைக் கிளப்புகிறது. நீளமான அலை வேகமாக ஓடும், குட்டை அலை மெதுவாக. படகின் வேகம் ஏற ஏற அலையும் நீண்டு, படகின் நீளத்தை எட்டும்போது முகப்பு ஒரு மேட்டில், வால் அடுத்த மேட்டில். இன்னும் அழுத்தினால் வால் பள்ளத்தில் இறங்கி, தான் கிளப்பிய அலை மேலேயே படகு ஏற வேண்டியிருக்கும். ஐந்து மீட்டர் படகுக்கு அந்தக் கட்டம் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவில் வரும். 1870களில் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி கட்டி, மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து இந்தக் கணக்குகளுக்கு வழிவகுத்தவர் வில்லியம் ஃப்ரூட்.

இஸ்லாண்ட்ஸ் ப்ருக்கே கரையில் பிள்ளைகள் தொபீர் தொபீரென்று துறைமுகத்துக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த தண்ணீர் இது. மழைநாளில் வழியும் கழிவுநீரைத் தேக்கிவைக்கத் தொட்டிகள் கட்டி, துறைமுகத்துக்குள் திறந்த வாய்களை ஒவ்வொன்றாக அடைத்து, 2002இல் இங்கே முதல் குளியல் துறையைத் திறந்தார்கள். கனமழைக்குப் பிறகு இன்றும் குளிக்கத் தடை போடுவார்கள். வாயில் தெறித்த தண்ணீரில் உப்பு குறைவு. பால்டிக் கடலில் விழும் ஆறுகளின் நன்னீர் இந்த வழியாகவும் வெளியேறுகிறது. பெருங்கடலோடு குறுகிய கழுத்துகளால் மட்டுமே இணைந்த கடல் என்பதால் ஓதமும் சொற்பம். இங்கே நீர்மட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் காற்றும் வளிமண்டல அழுத்தமும்தான்.

அந்தக் காற்றைத் திரும்பும் வழியில் நேருக்கு நேர் சந்தித்தோம். தோள்பட்டை விட்டுப்போயிருந்தது, கால்களுக்கு ஒன்றுமில்லை. சைக்கிள் சுகமாக இருக்கும் என்று நம்பி ஏறினோம். மேற்கிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடிக்கும்போது 20இல் போனால் முகத்தில் படுவது 40. தடை நாலு மடங்கு. காலையில் செலவழித்த அதே உழைப்புக்கு இப்போது கிடைப்பது 11 கிலோமீட்டர்தான். சாலையோ இன்னமும் 20க்கே பச்சை காட்டிக்கொண்டிருந்தது. ஒரு சிக்னலில் கிளம்பி அடுத்ததில் நிற்பதும், உள்ளங்கையை உயர்த்துவதுமாக வீடு வரை போனோம்.