தலைக்கு 35 டாலர்… குழந்தைகள் படம் வரைய ஒரு நகரமே கட்டும் வரி!

வீட்டு வரி தெரியும், தண்ணீர் வரி தெரியும், தொழில் வரியும் தெரியும். ‘கலை வரி’ என்று ஒன்று இருப்பது தெரியுமா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கிறது போர்ட்லாந்து. மக்கள்தொகை சுமார் ஆறரை லட்சம். நம் மதுரையைவிடச் சிறிய ஊர்தான். இங்கே வசிக்கும் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும், வருமானம் இருந்தால், வருடத்துக்கு ஒரு முறை 35 டாலர் கலை வரி கட்டவேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ 3,000 ரூபாய். கணவன், மனைவி இருவருக்கும் வருமானம் இருந்தால் தனித்தனியாக 35. வேலைக்குப் போகும் மகனோ மகளோ அதே வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் 35.

அந்தப் பணம் எங்கே போகிறது? ஆரம்பப் பள்ளிகளில் பாட்டும் ஓவியமும் நடனமும் சொல்லித்தரும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கு. மீதி இருந்தால், ஊரில் இருக்கும் நாடகக் குழுக்களுக்கும் இசைக் குழுக்களுக்கும்.

‘அடடா, எவ்வளவு நல்ல விஷயம்!’ என்றுதான் தோன்றும். ஆனால், இந்த 35 டாலருக்காக அந்த ஊரில் நடந்த சண்டை, உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

பாட்டு டீச்சர் எப்படிக் காணாமல்போனார்?

கதை 1990-ல் தொடங்குகிறது. சொத்து வரி கூடிக்கொண்டே போகிறது என்று கோபப்பட்ட ஓரிகன் மக்கள், அந்த வருடம் வாக்கெடுப்பு நடத்தி வரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால், பள்ளிகள் அதுவரை பெரிதும் நம்பியிருந்தது அந்தச் சொத்து வரியைத்தான். இன்னொரு விஷயம், ஓரிகன் மாநிலத்தில் விற்பனை வரியே கிடையாது. சட்டை வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் விலை மட்டும்தான். ஒரு பக்கம் குறைந்த பணத்தை, இன்னொரு பக்கம் எடுக்க வழி இல்லை.

பள்ளியில் பணம் குறைந்தால் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள்? கணக்கு வாத்தியாரை அனுப்ப முடியாது. ஆங்கிலம் எடுப்பவரை அனுப்ப முடியாது. பாட்டு டீச்சரையும் டிராயிங் மாஸ்டரையும்தான் அனுப்புவார்கள். அதுதான் நடந்தது. 2012 வாக்கில், போர்ட்லாந்தின் பல ஆரம்பப் பள்ளிகளில் கலைக்கென்று தனி ஆசிரியரே இல்லை என்ற நிலைமை. வசதியான பெற்றோர் இருக்கும் பகுதிகளில் அவர்களே பணம் திரட்டிச் சமாளித்தார்கள். மற்ற இடங்களில் பிள்ளைகளுக்கு வெறும் கையேடும் பரீட்சையும்தான்.

அப்போது மேயராக இருந்தவர் சாம் ஆடம்ஸ். கலைஞர்களும் பள்ளிகளும் நகர நிர்வாகமும் சேர்ந்து ஒரு திட்டத்தை மக்கள் முன் வைத்தார்கள். ‘ஆளுக்கு 35 டாலர் கொடுங்கள், ஒவ்வொரு ஆரம்பப் பள்ளியிலும் கலை ஆசிரியர் இருப்பார்’ என்பதுதான் வாக்குறுதி. 2012 நவம்பரில், ஒபாமா இரண்டாவது முறை ஜெயித்த அதே தேர்தல் நாளில், இதற்கும் வாக்குப்பதிவு. சுமார் 62 சதவீதம் பேர் ‘சரி’ என்றார்கள். தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள்!

முதல் பந்தி பள்ளிக்கு

பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நகர எல்லைக்குள் ஆறு பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஆரம்ப வகுப்புகளில் படிக்கும் ஒவ்வொரு 500 மாணவர்களுக்கும் ஒரு கலை ஆசிரியர் என்று கணக்கிட்டு, அந்தச் சம்பளப் பணம் முதலில் பள்ளிகளுக்குப் போய்விடவேண்டும். அதில் யாரும் கை வைக்க முடியாது.

அதற்குப் பிறகு மிஞ்சும் பணம்தான் கலை அமைப்புகளுக்கு. அதை நகர நிர்வாகம் நேரடியாகக் கொடுக்கவில்லை. மண்டலக் கலை, பண்பாட்டு மன்றம் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, விண்ணப்பங்களைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தது. ‘எந்த நாடகத்துக்குப் பணம், எந்த ஓவியருக்குப் பணம் என்று அரசியல்வாதிகள் முடிவு செய்யக் கூடாது’ என்பதுதான் இப்படித் தள்ளி நிறுத்தியதற்குக் காரணம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் பொதுமக்கள் அடங்கிய மேற்பார்வைக் குழு ஒன்றும் உண்டு.

விருந்தில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று உண்டல்லவா? பள்ளிகள் முதல் பந்தி, கலை அமைப்புகள் இரண்டாம் பந்தி. முதல் பந்தியிலேயே சோறு தீர்ந்துபோனால்?

முதல் வருடம் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 1 கோடியே 20 லட்சம் டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது அதைவிட மிகவும் குறைவு. பள்ளிகளுக்குக் கொடுத்த பிறகு கலை அமைப்புகளின் இலைக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். இந்த வரி வந்தால் நிமிர்ந்துவிடலாம் என்று எதிர்பார்த்திருந்த கலை அமைப்புகளுக்கு அது பெரிய ஏமாற்றம்.

வசூலிக்கவே ஒரு செலவு

பணம் ஏன் வரவில்லை? மக்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. வசூலிக்கும் முறை அப்படி.

நம் ஊரில் தொழில் வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். போர்ட்லாந்து கலை வரி அப்படி இல்லை. சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள், சொத்து வரியோடும் சேர்ந்து வராது. ஒவ்வொருவரும் தனியாகப் படிவம் நிரப்பி, தனியாகப் பணம் கட்டவேண்டும். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால், ‘எனக்கு விலக்கு வேண்டும்’ என்று அவர்களும் படிவம் கொடுக்கவேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 15. மத்திய அரசுக்கு வருமான வரிக் கணக்கு காட்டும் அதே நாள். அந்தப் பரபரப்பில் 35 டாலர் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மறந்தவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம். அதற்குத் தபால் செலவு, ஊழியர் செலவு, கம்ப்யூட்டர் செலவு. ஊருக்குள் யார் புதிதாகக் குடிவந்தார், யார் காலி செய்தார் என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மக்களிடம் சொல்லித்தான் ஓட்டு வாங்கினார்கள். அதைக் காப்பாற்ற முடியவில்லை. 2018-ல் நகர மன்றம் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டது. ‘கலைக்கென்று கொடுத்த காசு கடிதத்துக்குப் போகிறதே’ என்று பலர் முணுமுணுத்தார்கள்.

‘இது தலைவரி!’

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவருக்கும் 35 டாலர், கோடீஸ்வரருக்கும் 35 டாலர். இது நியாயமா?

அந்தக் காலத்தில் ராஜாக்கள் ஆளுக்கு இவ்வளவு என்று தலையை எண்ணி வசூலித்த வரியை நாம் ‘தலைவரி’ என்போம். ஓரிகன் மாநிலத்தில் 1910-லேயே அரசியல் சட்டத்தைத் திருத்தித் தலைவரிக்குத் தடை விதித்துவிட்டார்கள். ‘இதுவும் தலைவரிதான், செல்லாது’ என்று நகரவாசி ஒருவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று போய், 2017-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

ஒருவருக்கு வருமானம் இருக்கிறதா, குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்பதைப் பார்த்துச் சிலருக்கு விலக்குக் கொடுக்கிறார்கள். வருமானத்தைப் பார்க்காமல் எல்லாத் தலைக்கும் விதித்தால்தான் தலைவரி. எனவே, இது தலைவரி ஆகாது என்பது தீர்ப்பு. நகரம் வென்றது. சட்டப்படி சரி என்றாகிவிட்டது. ஆனால், வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் ஒருவருக்கு 35 டாலரின் கனமும், மாளிகைவாசிக்கு அதன் கனமும் ஒன்றாகிவிடுமா? அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஊருக்கு ஊர் ஒரு உண்டியல்

கலைக்கு நகரங்கள் பணம் எடுக்கும் வழி இது ஒன்றுதானா? இல்லை. ஊருக்கு ஊர் வேறு வேறு உண்டியல்.

சான் பிரான்சிஸ்கோ 1961-லேயே வெளியூர்க்காரர்களின் பையில் கைவிட்டது. ஹோட்டலில் அறை எடுப்பவர்கள் கட்டும் வரியிலிருந்து ஒரு பங்கு கலைக்கு. ‘எங்கள் ஊர் அழகைப் பார்க்க வருகிறீர்கள், அந்த அழகைக் காப்பாற்ற நீங்களே கொடுங்கள்’ என்ற கணக்கு. உள்ளூர்க்காரருக்குச் சுமையே இல்லை. ஆனால், 2020-ல் கொரோனா வந்து ஹோட்டல்கள் காலியானபோது, உண்டியலும் சேர்ந்து காலியானது. கலைஞர்கள் மேடை இழந்து தவித்த அதே நேரத்தில்தான் அவர்களுக்கான பணமும் வற்றியது.

பிலடெல்பியா இன்னொரு வழி பிடித்தது. பொதுக் கட்டடம் கட்டினால், கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைச் சிலைக்கோ ஓவியத்துக்கோ ஒதுக்கவேண்டும். 1959-ல் அமெரிக்காவிலேயே முதலில் இந்த விதியைக் கொண்டுவந்த நகரம் அதுதான். சியாட்டில் 1973-லும், போர்ட்லாந்து 1980-லும் இதே வழிக்கு வந்தன.

அந்தப் பணத்தில் வந்தவள்தான் போர்ட்லாந்தின் ‘போர்ட்லாண்டியா’. செப்புத் தகட்டை அடித்து அடித்து உருவாக்கிய, சுமார் 35 அடி உயரப் பெண் சிலை. அந்த வகையில் நியூயார்க் சுதந்திர தேவிக்கு அடுத்து அமெரிக்காவிலேயே பெரியது. 1985-ல் படகில் ஏற்றி வில்லாமெட் ஆற்றின் வழியே கொண்டுவந்தபோது ஊரே கரையில் கூடி வரவேற்றது. இவ்வளவு பெரிய சிலை ஏன் உலகப் புகழ் பெறவில்லை? காப்புரிமை சிற்பியிடமே இருக்கிறது. அவருடைய அனுமதி இல்லாமல் டி-ஷர்ட்டிலும் வாழ்த்து அட்டையிலும் அச்சடித்து விற்க முடியாது. ஊர்ப் பணத்தில் வந்த சிலை ஊரின் அடையாளமாகப் பரவ முடியாமல் போனதற்கு, அந்தக் காப்புரிமை ஒரு முக்கியக் காரணம்.

ஆக, கட்டடப் பணம் கல்லுக்கும் செம்புக்கும் சரி. ஆனால், திங்கட்கிழமை காலை மூன்றாம் வகுப்புக்குப் பாட்டு சொல்லித்தரும் டீச்சருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டுமே? அதற்கு வருடம் தவறாமல் வரும் பணம் வேண்டும். அதனால்தான் இத்தனை திட்டு வாங்கியும் போர்ட்லாந்து தன் 35 டாலரை விடவில்லை.

நம் ஊரிலும் உண்டு!

இந்த மாதிரி ‘இதற்கென்றே’ ஒதுக்கும் வரி நமக்கும் புதிதில்லை. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் 10 சதவீதம். 1948-ல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழியில் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதற்காகப் போராடியவர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். உள்ளாட்சி வசூலித்து நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நூலக வரி சொத்து வரியோடு ஒட்டிக்கொண்டு வருவதால் வசூலிக்கத் தனிச் செலவு இல்லை. பெரிய வீட்டுக்காரர் கூடுதலாகவும் சின்ன வீட்டுக்காரர் குறைவாகவும் கட்டுகிறார். போர்ட்லாந்து மாட்டிக்கொண்ட இரண்டு சிக்கலும் இதில் இல்லை. ஆனால், போர்ட்லாந்துக்காரருக்குத் தான் கட்டுகிற 35 டாலர் எங்கே போகிறது என்று தெரியும். தெரிவதால்தான் சண்டை போடுகிறார். நூலக வரி கட்டுகிறோம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பலன் கிடைத்ததா?

கிடைத்தது. வரி வந்த பிறகு, போர்ட்லாந்து ஆரம்பப் பள்ளிகளில் கலை ஆசிரியர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கானது. ஒவ்வொரு ஆரம்பப் பள்ளிக்கும் குறைந்தது ஒரு கலை ஆசிரியராவது வந்தார். வசதியான தெரு, வசதியில்லாத தெரு என்ற பாகுபாடு இந்த ஒரு விஷயத்தில் குறைந்தது.

கலை அமைப்புகளின் கதை அவ்வளவு சுகமாக இல்லை. பணத்தைப் பிரித்துக் கொடுத்துவந்த மண்டல மன்றத்துக்கும் நகர நிர்வாகத்துக்கும் உரசல் வந்தது. அந்த மன்றத்தோடு இருந்த நீண்டகால ஒப்பந்தத்தை 2024-ல் நகரம் முடித்துக்கொண்டு, கலை, பண்பாட்டுக்கென்று சொந்தமாகவே ஓர் அலுவலகத்தை அமைத்துக்கொண்டது. சுற்றியிருக்கும் மாவட்டங்களோடும் சிறு நகரங்களோடும் சேர்ந்து புதிய பண்பாட்டுத் திட்டம் ஒன்றையும் தயாரித்தது. அரசியல்வாதிகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று தள்ளி வைத்த பணம், மறுபடியும் நகர நிர்வாகத்தின் பக்கம் வந்துவிட்டது. மக்கள் கேள்வி கேட்டால் இனி ‘மன்றத்தைக் கேளுங்கள்’ என்று கை காட்ட முடியாது, பொறுப்பு நகரத்துக்குத்தான். இது நல்லதற்கா கெட்டதற்கா என்று அங்கே இன்னும் வாதம் நடக்கிறது.

இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. 2012-ல் 35 டாலர் என்று எழுதினார்கள். பத்து வருடங்கள் கடந்தும் அதே 35 தான். அரிசியும் வாடகையும் ஏறின, ஆசிரியர் சம்பளமும் ஏறியது. வரி மட்டும் ஏறவில்லை. முதல் பந்திக்கான செலவு வருடாவருடம் கூடுவதால், இரண்டாம் பந்திக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். கூட்டினால் மக்கள் கோபப்படுவார்கள், கூட்டாவிட்டால் கலைஞர்கள் காய்வார்கள்.

அதுவரை, ஏப்ரல் மாதம் வந்தால் போர்ட்லாந்து வீடுகளில் அந்த 35 டாலர் முணுமுணுப்பு கேட்கும். முணுமுணுத்தபடியே படிவத்தை நிரப்புவார்கள். மறுநாள் அவர்கள் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, பள்ளியிலிருந்து கையெல்லாம் பெயின்ட்டோடு திரும்பி வரும்.