நிலத்தடி இரயிலும் நிலையங்களின் இடைவெளியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

விரைவாகச் செல்லும் வண்டி எது என்று கேட்டால், ஆற்றல் மிக்க மின்னோடி பூட்டிய வண்டி என்போம். நிலத்தடி இரயிலைப் பொறுத்தவரை இவ்விடை பாதிதான் சரி. அங்கே வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரமேயாகும்.

உலகின் முதல் நிலத்தடி இரயில் 1863 ஜனவரி 10ஆம் நாள் இலண்டனில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே நீராவியால் ஓடத் தொடங்கியது. இன்று அங்கு 11 தடங்களும் 272 நிலையங்களும் உள்ளன. விக்டோரியா தடத்து வண்டி மணிக்கு 80 கி.மீ. வரையிலும், மெட்ரோபாலிட்டன் தடத்து வண்டி 100 கி.மீ. வரையிலும் செல்லவல்லவை. ஆயினும் தடங்கள் அனைத்தின் சராசரி வேகம் ஏறத்தாழ 33 கி.மீ. மட்டுமே. இதற்குக் காரணம் என்ன?

நமது பாடநூற் சமன்பாடுகளைக் கொண்டே இதனை அறியலாம். நின்றுகொண்டு பயணம் செய்வோர் விழாதிருக்க வேண்டுமாதலால் முடுக்கத்தை மிகுதியாக்க இயலாது. அதனை வினாடிக்கு வினாடி 1 மீட்டர் எனக் கொள்வோம். வண்டி 80 கி.மீ. வேகத்தை எட்ட ஏறத்தாழ 22 வினாடியும் 247 மீட்டரும் தேவை. நிற்பதற்கும் அவ்வளவே தேவை. ஆக, நிலையங்கள் 494 மீட்டருக்குக் குறைவான தூரத்தில் இருந்தால் வண்டி தன் முழு வேகத்தைக் காணவே முடியாது.

லெஸ்டர் சதுக்கத்திற்கும் காவென்ட் கார்டனுக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். நிலையத்தில் 30 வினாடி நிற்பதாகக் கொண்டால் சராசரி வேகம் 15 கி.மீ. ஆகிறது. விக்டோரியா தடத்தில் 21 கி.மீ. நீளத்திற்கு 16 நிலையங்கள்; சராசரி இடைவெளி 1,400 மீட்டர். அதே வண்டி இங்கு ஏறத்தாழ 44 கி.மீ. சராசரி பெறும். வண்டி மாறவில்லை, இடைவெளியே மாறியது.

பொறியியலார் இதற்கு ஓர் உபாயமும் கண்டனர். 1900இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் தடத்தில் நிலையங்களைச் சிறு மேடுகளின்மீது அமைத்தனர். வரும் வண்டி ஏற்றத்தில் தானே வேகம் தணியும். புறப்படும் வண்டிக்கு இறக்கம் துணைசெய்யும். இயக்க ஆற்றல் நிலையாற்றலாகிப் பின் மீண்டும் கிடைக்கிறது.

அப்படியாயின் நிலையங்களைக் குறைத்துவிடலாமே எனத் தோன்றும். தடத்தின் ஓரத்தில் வசிப்பவர், நிலையங்கள் 500 மீட்டர் இடைவெளியில் இருந்தால் அதிகம் போனால் 250 மீட்டர், அதாவது 3 நிமிடம் நடப்பார். இடைவெளி 1,400 மீட்டரானால் 700 மீட்டர் நடக்க 8 நிமிடத்திற்கு மேலாகும். வண்டியில் மிச்சமாகும் நேரத்தை முதியவரும் சுமை தூக்கி வருபவரும் தெருவில் இழக்கின்றனர்.

இலண்டனிலேயே இதற்கு ஒரு தீர்வு காணக் கிடைக்கிறது. ஃபிஞ்ச்லி ரோடுக்கும் வெம்பிளி பார்க்குக்கும் இடையே இரு தடங்கள் அருகருகே செல்கின்றன. மெட்ரோபாலிட்டன் வண்டி இடையில் எங்கும் நிற்பதில்லை. ஜூபிலி வண்டி ஐந்து நிலையங்களில் நின்று செல்கிறது. தொலைவிலிருந்து வருவோர்க்கு ஒன்று, அவ்வூரார்க்கு மற்றொன்று.

எனவே ஒரு தடம் விரைவானதா என்று ஆராயும்போது, வண்டியின் வேகத்தோடு பயணி வீட்டிலிருந்து நிலையத்திற்கு நடந்த நேரத்தையும் கூட்டிப் பார்ப்பதே முறையான கணக்காகும்.